கஜானா கசிகிறது!

"ஐயோ...!"

சைமா போட்ட அலறலில், கடலோரப் பாறை மேல் உட்கார்ந்திருந்த பறவைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன.

சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து ஆவி குப்பென்று வெளியே வந்தது.

மேல் பலகையில் ரூபர்ட் கிடந்தான். லண்டன்காரன். பிறந்த மேனியாக... வெந்த இறால் நிறத்தில்...

சவுனாவுக்குள் போனால் எல்லோரும் சிவக்கத்தான் செய்வார்கள். ஆனால் மூச்சு விட்டுக்கொண்டே சிவப்பார்கள்.

ரூபர்ட் மூச்சு விடவில்லை!

* * *

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில், தன் வீட்டுச் சமையலறையில், ஐலா விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது.

எடுத்தாள். மறுமுனையில் அவளுடைய மேலதிகாரி ஹோல்கர்.

"ஐலா... ரூபர்ட் செத்துட்டான்."

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"கேக்குதா? என் கடற்கரை வீட்டுலதான். சவுனாவுக்குள்ள செத்துக் கிடக்கான். போலீஸ் வந்திருக்கு. அவனைத் தெரிஞ்சவங்க எல்லாரையும் பாக்கணுங்கறாங்க. நீ கிளம்பி வா."

"எ... எங்கே கிடக்கான்னு சொன்னீங்க சார்?"

"சவுனாவுல."

ஐலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ரூபர்ட் செத்ததற்காக அல்ல. அது அவளுக்கு மதியமே தெரியும். கொன்றதே அவள்தானே!

ஆனால் அவள் அவனை விட்டுவிட்டு ஓடியபோது, அவன் ஹோல்கரின் வீட்டு வாசற்படியில், முழங்கால் வரைக்கும் கோட்டு போட்டுக்கொண்டு கிடந்தான்.

அவன் எப்படி எழுந்து போய், உடுப்பைக் கழற்றி, சவுனாவில் ஏறிப் படுத்தான்...?

* * *

ஐலா ஹுர்மே. வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நாட்டின் கஜானாவைக் கட்டிக்காக்கும் வங்கியில் வேலை.

கஜானாவில் டாலர் எவ்வளவு, ஜெர்மன் மார்க் எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று தினமும் சாயங்காலம் கூட்டிப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் வெளியே தெரியக் கூடாது. கட்டின புருஷனிடம்கூட சொல்லக் கூடாது. தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஐலா ஒருத்தி. ஹோல்கர் இன்னொருவர்.

அவள் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நாட்டின் கையிருப்பு, வருஷா வருஷம், ஒரே கோடாக.

போர் நடந்த வருஷங்களில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அப்புறம் மரத்தையும் காகிதத்தையும் விற்று விற்று, மாடிப்படி ஏறும் நோயாளி மாதிரி மெல்ல ஏறியது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை நாட்டுப் பணமான மார்க்காவின் மதிப்பு விழும்; நாடு எழுந்து தூசி தட்டிக்கொள்ளும். எண்பதுகளில் கோடு குதித்து மேலே போனது. ஊரே கடன் வாங்கி உல்லாசமாக இருந்த காலம்.

இப்போது 1991 நவம்பர். ரஷ்யாவோடு நடந்த வியாபாரம் படுத்துவிட்டது. மார்க்கா விழப்போகிறது என்று கண்டவனெல்லாம் மார்க்காவை விற்றுத் தள்ளுகிறான். விழாமல் தாங்கிப் பிடிக்க, வங்கி தன் டாலரைக் கொடுத்து அதை வாங்குகிறது. ஓட்டைப் பானை. கோடு செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பானையில் தான் போட்ட ஓட்டையும் ஒன்று என்று ஐலா நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

காரணம், தம்பி கவுகோ.

கவுகோவுக்குப் போர்வோ நகரத்தில் படகு கட்டும் பட்டறை. இரண்டு வருஷம் முன்னால் ஜெர்மன் மார்க்கில் பெரிய கடன் வாங்கினான். வட்டி பாதிதான். ஏற்பாடு செய்து கொடுத்தவன், லண்டனில் நாணயங்களை வாங்கி விற்கும் தரகனான இந்த ரூபர்ட். கையெழுத்துப் போடும் முன் கவுகோ அக்காவிடம் கேட்டான்.

"அக்கா, மார்க்கா நிக்குமா?"

"நிக்கும்டா. தைரியமா வாங்கு."

அவள் வாக்கை நம்பி வாங்கினான். மார்க்கா விழுந்தால் கடன் ராத்திரியோடு ராத்திரியாக வீங்கிவிடும். பட்டறை போகும். அதை நம்பின குடும்பங்கள் போகும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்தான். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி அதையே கேட்டான்.

"அக்கா... மார்க்கா நிக்குமா?"

ஐலா வாயைத் திறக்கவில்லை. 'நிக்கும்' என்றால் தம்பிக்குத் துரோகம். 'விழும்' என்றால் நாட்டுக்குத் துரோகம். ஏற்கெனவே நிரம்பியிருந்த அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள். அது தட்டில் வழிந்தது.

கவுகோ வழிந்த காபியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"புரிஞ்சுதுக்கா."

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலை ஓடிப்போய், ரூபர்ட் மூலமாகவே கடனை மார்க்காவுக்கு மாற்றிக்கொண்டான். பட்டறை தப்பியது.

அதே வாரம், ரகசியத்தை மோப்பம் பிடித்தவர்கள் போல எல்லோரும் மார்க்காவை விற்க, கஜானாவிலிருந்து டாலர் வெள்ளமாய் வெளியேறியது!

* * *

வங்கிக்குக் கடன் பேசித் தருகிறேன் என்று ரூபர்ட் லண்டனிலிருந்து வந்து ஹோல்கரின் கடற்கரை வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தான். இன்று காலை ஐலாவுக்கு ஆள் அனுப்பி வரச் சொன்னான். பஸ் பிடித்துப் போனாள். வாசலில் அவன் மட்டும் சிகரெட்டோடு நின்றிருந்தான்.

"வாங்க மேடம். தம்பி சௌக்கியமா? படகெல்லாம் மிதக்குதா?"

"எதுக்கு வரச் சொன்னீங்க? ஹோல்கர் சார் எங்கே?"

"சாசேஜ் வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. சவுனா முடிஞ்சு சாசேஜ் சாப்பிடலேன்னா இந்த ஊர்ல பாவமாமே?"

"விஷயத்துக்கு வாங்க."

"திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு அந்த எண் வேணும். அப்புறம் ஒவ்வொரு நாளும். கஜானாவுல எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சா, மார்க்கா விழற நாளும் எனக்குத் தெரிஞ்சுடும். அவ்வளவுதான்."

"முடியாது."

"முடியும் மேடம். உங்க வீட்டுல காபி குடிச்ச மறுநாளே உங்க தம்பி ஏன் அரக்கப் பரக்க ஓடி வந்து கடனை மாத்தினாருன்னு பத்திரிகைக்காரன் கேட்டா என்ன சொல்வீங்க?"

"நான் அவன்கிட்ட எதுவுமே சொல்லல!"

"அதான் மேடம்! ரெண்டு வருஷம் முன்னாடி 'நிக்கும்'னீங்க. இந்தத் தடவை எதுவுமே சொல்லல. இதைவிட ஒருத்தி எப்படிச் சொல்லுவா?"

அவன் குனிந்து அவள் விரலைத் தட்டிப் பார்த்தான்.

"இதென்ன மோதிரம்? இரும்பா?"

"அம்மாவோடது. போர்ல கல்யாண மோதிரத்தை நாட்டுக்குக் கொடுத்தாங்க. அதுக்குப் பதிலா கொடுத்தது இது."

ரூபர்ட் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடடா! நான் மார்க்காவை விக்கிற வேகத்துக்கு, கடைசியில உங்க கஜானாவுல மிஞ்சப்போற தங்கமும் இதானா...!"

அவள் தள்ளிவிட்டாள்.

யோசிக்கவே இல்லை. இரண்டு கையையும் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். படியில் உறைபனி. அவன் சறுக்கிப் பின்னால் விழுந்தான். கருங்கல்லில் தலை மோதிய சத்தம் அவள் வயிற்றுக்குள் கேட்டது.

"ரூபர்ட்...? மிஸ்டர் ரூபர்ட்...?"

அசைவில்லை. ரத்தம் கோடாக இறங்கியது.

ஐலா ஓடினாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் போன் கூண்டில் நுழைந்து, காசைப் போட்டு, தம்பியை அழைத்தாள்.

"டேய் கவுகோ... நான் ஒருத்தனைக் கொன்னுட்டேன்டா..."

"என்னக்கா உளர்றே?"

"ரூபர்ட். ஹோல்கர் சார் வீட்டு வாசல்ல. தள்ளிவிட்டேன். செத்துட்டான்."

கவுகோ கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்.

"நீ வீட்டுக்குப் போ. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. நான் பாத்துக்கறேன்."

* * *

ஆக, சவுனாவுக்குள் கொண்டு போட்டது தம்பிதான்!

போலீஸ் அனுப்பிய காரில், ஹோல்கரின் வீடு இருந்த சிப்போ கடற்கரைக்குப் போகும்போது ஐலாவுக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தானாக வெப்பம் தாங்காமல் செத்தான் என்று தோன்றும்படி... தனக்காக... பாவி, என் பாவத்தில் அவனையும் இழுத்துவிட்டேனே!

இரும்பு மோதிரம் விரலைச் சுட்டது. கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டாள். ஓர் ஆளைக் கொன்ற கையில் அம்மாவின் மோதிரம் இருக்கக் கூடாது.

ஹோல்கர் வாசலிலேயே நின்றிருந்தார். நரைத்த தலை, நல்ல ஸ்வெட்டர், நாலு தலைமுறைப் பணக்காரக் களை. அவள் தோளைத் தொட்டார்.

"பயப்படாதே ஐலா. நீ எதுவும் பேசாதே. நான் பேசிக்கறேன்."

நல்ல மனுஷர் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

சவுனாவுக்கு வெளியே, உடை மாற்றும் அறையில், மர பெஞ்சில் ஒரு குட்டை மனிதர் உட்கார்ந்து ஏலக்காய் பன் தின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் சர்க்கரைத் தூள்.

"இன்ஸ்பெக்டர் ஆர்மாஸ்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். "உட்காருங்க மேடம். செத்தவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

ஐலா யோசித்தாள். இன்ஸ்பெக்டர் பன்னை முடித்து, அடுத்த பன்னை எடுத்தார்.

"...கொஞ்சம் தெரியும்."

"நம்ம ஜனங்களை விசாரிக்கிறதுல இது ஒரு வசதி மேடம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல ஒரு பன் சாப்பிட்டு முடிச்சுடலாம். அதனாலதான் நான் இப்படி இருக்கேன்" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

ஹோல்கர் குறுக்கிட்டார். "இதுல விசாரிக்க என்ன இருக்கு இன்ஸ்பெக்டர்? வெளியூர்க்காரன். குடிச்சிருக்கான். சவுனா பழக்கமில்லை. மேல் பலகையில ஏறித் தூங்கிட்டான். நான் கடையிலேர்ந்து வந்து மாடியில படுத்துட்டேன். எதுவும் தெரியல."

"அப்படித்தான் சார் நானும் நினைச்சேன். வீட்டுக்குப் போகக் கிளம்பிட்டேன். சனிக்கிழமை பாருங்க, என் சவுனாவும் காயுது. இந்த அம்மாதான் கெடுத்துட்டாங்க."

சைமா மூலையில் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. சனிக்கிழமைகளில் வந்து துணி துவைத்து, சவுனா அடுப்பு மூட்டிவிட்டுப் போகிறவள்.

"சைமாம்மா, என்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது? ரெண்டு வாரமா அந்த ஆளோட எனக்கு ஒரே ரோதனை. பலகையில உட்காரத் துணி விரின்னா விரிக்க மாட்டான். சிரிப்பான். வெறும் உடம்போட போய் உட்காருவான். அப்புறம் நான்தான் பலகையைத் தேச்சுத் தேச்சுக் கழுவணும். வெக்கம் கெட்டவன்... செத்தவனைச் சொல்லக் கூடாது. ஆனா வெக்கம் கெட்டவன்தான்."

"கேட்டீங்களா?" இன்ஸ்பெக்டர் விரலில் இருந்த சர்க்கரையை நக்கினார். "உசிரோட இருந்த வரைக்கும் துணி விரிக்காதவன்... செத்துக் கிடக்கறப்போ அடியில அழகா, சுருக்கமில்லாம, துணி! அப்போ அவனா படுக்கல. யாரோ படுக்க வெச்சிருக்காங்க. அதுவும் நம்ம ஆளு. கொலைகூட பண்ணிடுவான், பலகையில வெறும் உடம்பு படறதை மட்டும் நம்மாளால தாங்க முடியாது!"

ஐலா மனசுக்குள் தம்பியைத் திட்டினாள்.

கவுகோ... முட்டாளே... துணியையா விரித்தாய்?

"இன்னொண்ணு மேடம். உங்க விரல்ல மோதிரத் தடம் இருக்கு. மோதிரத்தைக் காணோம். நம்ம ஊர்ல மோதிரத்தை எப்போ கழட்டுவாங்க? சவுனாவுக்குள்ள போறப்போ. சூட்டுல தோலைப் பொசுக்கிடுமே. இன்னிக்கு நீங்க சவுனா போனீங்களா?"

"இ... இல்ல."

"ம்..."

அதற்கு மேல் கேட்கவில்லை. ஐலா அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சரி, இருங்க. இன்னொரு ஆளையும் வரச் சொல்லியிருக்கேன். மதியம் இந்தப் பாதையில ஒரு வேன் வந்துட்டுப் போனதை சைமாம்மா ஜன்னல்லேர்ந்து பாத்திருக்காங்க. வேன்ல படகுப் பட்டறை பேரு எழுதியிருந்துச்சாம்."

கதவு திறந்தது. ஒரு கான்ஸ்டபிளுக்கு முன்னால் கவுகோ நடந்து வந்தான். ஆறடி உயரம். கையில் தார்க் கறை. அக்காவைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

ஐலா எழுந்து நின்றாள். ஒரு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது உடைந்தது.

"அவனை விடுங்க இன்ஸ்பெக்டர்! நான்தான் கொன்னேன்!"

"ஐலா!" என்று ஹோல்கர் பதறினார்.

"நான்தான் தள்ளிவிட்டேன். நான்தான் சவுனாவுக்குள்ள தூக்கிட்டுப் போனேன். எல்லாம் நான்தான். என் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

"பொய்!" கவுகோ கத்தினான். "சார், அவ ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தூக்க மாட்டா! அந்த மாமிச மலையை எங்கே தூக்கறது? நான்தான் சார் கொன்னேன்!"

"வாயை மூடுடா!"

"நீ மூடுக்கா!"

இன்ஸ்பெக்டர் பன்னை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு கொலைக்கு ரெண்டு பேர் போட்டியா? என் சர்வீஸ்ல ஒரு கொலைக்கு ஒரு ஆளைத் தேடறதுக்கே நாக்கு தள்ளும். சரி, ஆளுக்கு ஒரே கேள்வி. மேடம், துணியை எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"இதோ... இந்த அலமாரித் தட்டுலேர்ந்து."

"தம்பி, நீ?"

"எ... எந்தத் துணி சார்?"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "சைமாம்மா, அந்தத் தட்டுல இருந்த துணியெல்லாம் எங்கே?"

"காலையிலேயே துவைச்சு வெளியே கொடியில போட்டுட்டேனே. பனியில விறைச்சு அப்பளமா நிக்குது. தட்டு காலி."

ஐலா திரும்பிப் பார்த்தாள். தட்டில் ஒன்றுமில்லை.

"ரெண்டு பேரும் ஃபெயில்" என்றார் இன்ஸ்பெக்டர். "தம்பி, உண்மையைச் சொல்லு. நீ வந்தப்போ என்ன பாத்தே?"

கவுகோ தலையைக் குனிந்தான். "வாசல்ல யாருமே இல்ல சார். படியில கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். அவன் எழுந்து போயிட்டான், அக்கா சும்மா பயந்துட்டான்னு நினைச்சு சந்தோஷமாத் திரும்பிட்டேன். போலீஸ் வந்து சவுனாவுல பொணம்னு சொன்னதும்... அவதான் ஏதோ பண்ணிட்டான்னு..."

ஐலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். தம்பி இல்லை. தானும் இல்லை. அப்படியானால்...?

"டாக்டர் பாத்துட்டுச் சொன்னாரு மேடம். தலைக் காயம் மேலோட்டம். அதுல யாரும் சாக மாட்டான். அவன் செத்தது சவுனாச் சூட்டுல. மயக்கமா இருந்தவனைப் படுக்க வெச்சு, கல்லு மேல தண்ணியா ஊத்தி, கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்காங்க. நீங்க தள்ளினது வாஸ்தவம். கொன்னது வேற ஆளு."

சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சவுனாவுக்குள் எட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். திடீரென்று அவர் குரல் வெறுப்பாக மாறியது.

"எவனா இருந்தாலும் காட்டுமிராண்டிப் பய! முதல்ல ஆளை வெறும் பலகையில உருட்டிப் போட்டிருக்கான். வேர்வையும் வாந்தியும் பலகை பூராவும் ஊறியிருக்கும். அப்புறம் எவனாவது பாத்துடப் போறான்னு துணியை அடியில சொருகியிருக்கான். சீச்சீ! ஹோல்கர் சார், இது உங்க கொள்ளுத்தாத்தா கட்டின சவுனாவாமே?"

"ஆமா. நூறு வருஷம் ஆச்சு."

"மனசைத் தேத்திக்குங்க. இனிமே இதுல மனுஷன் உட்கார முடியாது. பலகையெல்லாம் பேத்து எரிச்சுட வேண்டியதுதான். கான்ஸ்டபிள், கோடாலி எங்கே?"

"எரிக்கறதா!" ஹோல்கர் துள்ளி எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "எதுக்கு எரிக்கணும்? பலகையில ஒரு சொட்டு படல! முதல்ல துணியை விரிச்சுட்டுத்தானே அவனைப் படுக்க..."

நின்றார்.

அடுப்புக் கல் ஒன்று 'டிக்' என்று வெடித்தது.

சைமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முடிங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "பாதியில நிறுத்தினா மனசு கேக்காது. துணி உங்க படுக்கையறைப் பெட்டியிலேர்ந்து வந்ததுன்னு சைமாம்மா அடையாளம் சொல்லிட்டாங்க. ஆனா அது மட்டும் கோர்ட்டுல நிக்காது. அதான் உங்க பலகையைத் திட்டினேன்."

ஹோல்கர் பெஞ்சில் சரிந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. இன்ஸ்பெக்டருக்கு ஒன்றரை பன் தேவைப்பட்டது.

"கோடைக்காலத்துலேர்ந்தே எண்ணை அவனுக்கு நான்தான் கொடுத்துட்டிருந்தேன்" என்றார் கடைசியில். "இந்த வீடு... இதோட செலவு... என் பங்குகள் எல்லாம் சரிஞ்சு போச்சு. கடையிலேர்ந்து வந்தப்போ அவன் படியில உட்கார்ந்து தலையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டிருந்தான். 'உன் ஆபீஸ் பொம்பளை அடிச்சுட்டா. பரவாயில்ல, இனிமே எண்ணை அவ சும்மாவே தருவா. நீ எனக்குத் தேவையில்ல. லண்டன்ல யாராவது கேட்டா உன் பேரைச் சொல்லிடறேன்'ன்னான். உள்ளே கூட்டிட்டுப் போய்க் கொன்யாக் பிராந்தி ஊத்திக் கொடுத்தேன். நிறைய..."

"கோடைக்காலத்துலேர்ந்தா...?" ஐலாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சார், எதிர்ல உட்கார்ந்து தினமும் என்கிட்ட கேப்பீங்களே... 'டாலர் எங்கேம்மா போகுது'ன்னு... நான் ராத்திரியெல்லாம் தூங்காம..."

ஹோல்கர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பலகையை எரிக்க மாட்டீங்கல்ல?" என்று மட்டும் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

* * *

ஹோல்கரை ஏற்றிய கார் பைன் மரங்களுக்கு நடுவே மறைந்தது. கவுகோ வேனில் காத்திருந்தான். ஐலா வாசற்படியில் நின்றாள். அதே படி. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, காகிதப் பையில் மிச்சமிருந்த கடைசி பன்னைத் தேடினார்.

"தள்ளினதுக்கு ஒரு வழக்கு வரும் மேடம். பெரிசா ஒண்ணும் இருக்காது. போய்த் தூங்குங்க."

"இன்னொரு குத்தம் இருக்கு இன்ஸ்பெக்டர்."

காபி விஷயத்தைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. தட்டில் வழிந்தது வரைக்கும் சொன்னாள்.

"என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லல. பேசாம இருந்தேன்."

"பேசாம இருக்கறது குத்தம்னா மொத்த ஃபின்லாந்தையும் உள்ள தள்ளணும் மேடம். அவ்வளவு பெரிய ஜெயில் நம்மகிட்ட இல்ல."

அவள் சிரிக்கவில்லை.

"என் தம்பி தப்பிச்சுட்டான். அவனை மாதிரியே கடன் வாங்கின மத்தவங்க? 'மார்க்கா நிக்கும்'னு ரேடியோவுல கேட்டு நம்பினவங்க? அவங்க யாரும் என் வீட்டுக்குக் காபி குடிக்க வரலையே. கஜானா ஹோல்கரால கசிஞ்சிருக்கலாம். ஆனா நான் பண்ணினது நான் பண்ணினதுதான்."

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து பன்னை எடுத்தார். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐலா பைக்குள் கையை விட்டு இரும்பு மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம்... தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் ஒரு வீடு வாங்கினேன். கடன் ஜெர்மன் மார்க்குல. வட்டி பாதின்னாங்க. என் சம்சாரம் தினமும் அரிச்சு எடுக்கறா..."

ஐலாவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம், இதைக் கேட்காதே!

"...மார்க்கா நிக்கு..."

"நிக்கும்!" என்றாள் ஐலா.

கஜானாவில் மிச்சமிருப்பது எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வாரக் கடைசியைத் தாண்டாது. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போது நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தாள். அதனால் சொல்லிவிட்டாள். தன்னைக் காப்பாற்றிய மனிதனிடம், முகத்துக்கு நேரே, பச்சைப் பொய். உள்ளங்கால் வரைக்கும் கூசியது.

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பன்னை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவள் கையில் வைத்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். திங்கட்கிழமை காலையில முதல் வேலையா கடனை மாத்திடறேன்."

"நா... நான் நிக்கும்னுதானே சொன்னேன்!"

"இத்தனை வருஷமா விசாரணை பண்றேன் மேடம்..." தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணடித்தார் ஆர்மாஸ். "கேள்வியை முடிக்கறதுக்கு முன்னாடியே பதில் சொன்ன முதல் ஃபின்லாந்துக்காரி நீங்கதான்!"